வைத்தியசாலையை விட்டுச் செல்ல எண்ணுவோர்



வைத்தியசாலைகளில் வேலை பார்ப்போர் அவ்வேலையை விட்டுவிட எண்ணுவது ஏன் என்பதே இன்றைய பேச்சின் பொருள். விட்டுச் சென்றவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். 2022ஆம் ஆண்டுக்குப் பின், இன்ன டாக்டர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார், இன்ன தாதி அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்ற செய்தி காதில் விழாத சந்தியோ சந்தையோ இந்நாட்டில் இருக்கவில்லை. ஆனால் போவதற்கு முன் போக எண்ணும் காலம் என ஒன்று உண்டு. அது சிலருக்கு ஆறு மாதம். சிலருக்கு ஆறு வருடம். அக்காலத்தில் அவர் நாள்தோறும் கடமைக்கு வருகிறார், வரவேட்டில் கையொப்பமிடுகிறார், ஊசி ஏற்றுகிறார், காயத்துக்கு மருந்து கட்டுகிறார். எனினும் மனத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இடைக்காலத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். போனவரைத் திருப்பி அழைப்பது அரிது. போக எண்ணுபவர் இன்னும் நம்மிடையேதான் இருக்கிறார்.

நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவன் அல்லேன். பாடசாலையொன்றின் அதிபராக இருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளிற் பலர் இன்று தாதியராகவும் மருந்தாளராகவும் ஆய்வுகூடப் பணியாளராகவும், சிலர் வைத்தியராகவும், இன்னும் சிலர் சிற்றூழியராகவும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டதும், நூல்களிற் படித்ததும், உறவினருக்குத் துணையாக விடுதிகளில் விழித்திருந்த இரவுகளிற் கண்டதும் கலந்ததே இப்பேச்சு.

திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில், வைத்தியம் நான்கு உறுப்பினை உடையது என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை இயற்றுபவர் என்பன அவை. நாம் டாக்டரையும் மருந்தையும் பற்றிப் பேசும் அளவுக்கு நான்காமவரைப் பற்றிப் பேசுவதில்லை. வள்ளுவரோ அவரையும் ஓர் உறுப்பாகவே எண்ணினார். அந்த நான்காமவருக்கு வேண்டிய தகுதிகளாகப் பரிமேலழகர் தம் உரையில், நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியபடி செய்யும் வன்மை, அறிவு ஆகியவற்றை எண்ணுகிறார். நம் நாட்டு வைத்தியசாலைகள் பலவற்றில் இரவுக் கடமை மாலை ஏழு மணி தொடங்கி மறுநாட் காலை ஏழு மணி வரை நீள்வது. அந்தக் கடமையின் பதினோராவது மணியில் இந்நான்கினுள் எவை எஞ்சியிருக்கும்? வன்மையும் அறிவும் பழக்கத்தினால் ஓரளவு நிற்கக்கூடும். முதலில் விடைபெறுவது அன்பு என்றே நான் எண்ணுகிறேன். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் என்பவர், பிறருக்குத் தொண்டு செய்யும் தொழில்களில் நேரும் சோர்வை ஆராய்ந்து 1981இல் அதற்கோர் அளவுகோலை வெளியிட்டார். உள்ளம் வற்றிப்போதல், மனிதரைப் பொருள்போல் நடத்தத் தொடங்குதல், தம் உழைப்பினாற் பயனில்லை எனத் தோன்றுதல் ஆகிய மூன்றையும் அவ்வளவுகோல் அளக்கிறது. பரிமேலழகர் சொன்ன அன்பு வற்றும் முறையைத்தான் இந்த அம்மையார் அளந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சம்பளத்தைப் பற்றி முதலிற் சொல்லிவிட வேண்டும். தொண்டுக்குச் சம்பளம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிறருடைய தொண்டைப் பற்றியே அப்படிக் கேட்கிறார்கள். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கிற்று. சம்பளப் பட்டியலில் எண் மாறவில்லை. அந்த எண் வாங்கக்கூடிய அரிசி பாதியாகிவிட்டது. 2023 சனவரியில் வருமான வரியும் உயர்ந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவு ஒன்று மாதம் 35,000 ரூபாவினால் கூட்டப்பட்டபோது, அதே கூரையின்கீழ் உழைக்கும் ஏனையோர் தமக்கும் அது வேண்டுமென்று வேலைநிறுத்தம் செய்தனர். வைத்தியசாலைகளில் உதவிக்கு இராணுவத்தினர் அழைக்கப்பட்டனர். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தியது உண்மை. ஆயினும் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாறியதனால் தம் கைக்கு வருவது குறைகிறதென்று வைத்தியரும் தாதியரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். மேலதிக நேரத்தை நம்பியே வீட்டு வாடகையும் பிள்ளையின் ரியூசன் பணமும் கட்டப்படுகின்றன என்பதை அறியாதவர்க்கு இந்த எதிர்ப்பு விளங்காது.

பிழைப்புக்காக வைத்தியர் ஊரை விட்டுப் போவது நேற்றுத் தொடங்கிய கதையும் அன்று. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிசனரி டாக்டர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பின்னர் தமிழுக்கு மாறினார். வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தமிழுக்கு அவர் செய்த தொண்டாக இதனை நாம் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆயினும் அம்மாற்றத்துக்கு உலகியற் காரணம் ஒன்றும் இருந்தது. ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகங்களுக்கும் வெளியூர்களுக்கும் போய்விட, கிராமத்து நோயாளி பழையபடியே நின்றான். தமிழிற் கற்றவர் ஊரில் நிற்பார் என்பது அவருடைய கணக்கு. ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, படிப்பித்தவரை ஊரில் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி மானிப்பாயிலே கேட்கப்பட்டுவிட்டது.

சம்பளம் ஒன்றே காரணமாயின் என் பேச்சை இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் நம்முடைய சொந்த வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் வைத்தியசாலையினுள்ளேயே வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரும் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே விளக்கேற்றப்படுகிறது. அதன் பின்னரும் அந்த வைத்தியசாலை திறந்தது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. அக்காலத்தில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பு வலயத்துக்குள் நின்று, மருந்தும் எரிபொருளும் எண்ணியெண்ணிச் செலவிட்டுப் பணிபுரிந்தார்கள். பலர் போனார்கள்; அவரைக் குறை கூறேன். நின்றவர்களும் பலர். உயிருக்கே ஆபத்தான நாளில் நின்ற துறையினர், ஆபத்து நீங்கிய நாளிற் கடவுச்சீட்டு எடுக்கிறார்கள் என்றால், சம்பளப் பட்டியலுக்கு அப்பாலும் தேட வேண்டியிருக்கிறது.

இத்தேடலில் எனக்குப் பெரிதும் உதவியது பழைய ஆராய்ச்சி ஒன்று. 1950களின் பிற்பகுதியில் இலண்டன் போதனா வைத்தியசாலை ஒன்று, மாணவத் தாதியரை எவ்விதம் விடுதிகளுக்குப் பங்கிட்டுப் பயிற்றுவது என்ற தன் சிக்கலைத் தீர்க்க உதவுமாறு இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வு அறிஞரை நாடியது. கால அட்டவணையைத் திருத்த வந்தவர் வேறொன்றைக் கண்டார். பயிற்சிக்குச் சேர்ந்த மாணவியரில் மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தாமாகவே விலகியவர்கள்.

மென்சிஸ் தந்த விளக்கம் எளிதில் மறக்கக் கூடியதன்று. நோயும் சாவும் உடலின் அருவருப்பும் நாள்முழுதும் முன்நிற்கும் இடத்தில் மனிதருக்கு அச்சம் எழுவது இயற்கை. அவ்வச்சத்தை எதிர்நோக்க உதவுவதற்குப் பதிலாக, அது எழாமல் மறைத்து வைக்கவே வைத்தியசாலை தன் வழக்கங்களை அமைத்துக்கொண்டிருந்தது. ஒரு தாதி ஒரு நோயாளியை முழுதாகக் கவனிப்பதில்லை. ஒருவர் எல்லோருக்கும் வெப்பம் பார்ப்பார், மற்றவர் எல்லோருக்கும் படுக்கை விரிப்பார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் பத்தாம் கட்டில் ஈரல் என்றும், பதினைந்தாம் கட்டில் நிமோனியா என்றும் சுட்டுவர். ஒரு விடுதியில் மனம் ஊன்றத் தொடங்கும்போதே வேறு விடுதிக்கு மாற்றம் வரும். தம் அறிவைக்கொண்டு முடிவு செய்ய இடமில்லை. ஒவ்வொரு சிறு செயலும் வகுத்த சடங்குபோல் நடக்க வேண்டும். இவையெல்லாம் தாதியின் மனத்தைக் காப்பதற்கென்று வந்த வழக்கங்கள். ஆனால் நோயாளி ஒருவர் தம் கையாற் குணமாகிச் செல்வதைக் காணும் மகிழ்ச்சியை அவை பறித்துவிட்டன. விலகிச் சென்றவர்களுள் முதிர்ச்சியும் திறமையும் மிக்கவர்கள் பலர் இருந்தனர் என்றும் மென்சிஸ் எழுதினார்.

இதைப் படித்தபோது நம் விடுதிகளே என் கண்முன் வந்தன. இங்கே கட்டில் எண் போதாமல் நிலத்துப் பாய்க்கும் எண் கொடுக்க வேண்டிய நாள்களும் உண்டு. நாற்பது பேர் கிடக்கும் விடுதியில் இரவில் இரண்டு தாதியர் நிற்கும்போது, நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்று யார் யாரைக் குறை கூறுவது? என்னிடம் படித்த ஒரு பெண், ஆறு ஆண்டு சேவையின் பின் வெளிநாட்டுப் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். சம்பளத்துக்காகவா என்று கேட்டேன். “சம்பளமுந்தான் சேர். ஆனால் அதைவிட, ஒரு நாளைக்கு என்ர கையாலை ஒரு பிழை நடந்திடுமோ எண்டுதான் பயமாக் கிடக்குது. ஓடி ஓடி ஊசி போடேக்கை, யாருக்குப் போட்டனான் எண்டு வீட்டை போய்ப் படுத்தாப் பிறகும் யோசிக்கிறன்” என்றாள். சிறு வயதில் கணக்குப் பாடத்தில் விடையை மூன்று தரம் சரிபார்த்த பிறகே கொப்பியை நீட்டும் பிள்ளை அவள். கவனமுள்ளவரையே இந்த அச்சம் அதிகம் வாட்டுகிறது.

அவளுடைய அச்சம் வீண் அச்சம் அன்று என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளரின் எண்ணிக்கை ஒன்றால் கூடும்போது, சத்திரசிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 கூடுகிறது. தாதி சோர்ந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 23 கூடுகிறது. சோர்வும் அதிருப்தியும் கொண்ட தாதியரில் நூற்றுக்கு 43 பேர் ஓராண்டுக்குள் அவ்வேலையை விட எண்ணியிருந்தனர். அவையில்லாதவரில் நூற்றுக்கு 11 பேர் மட்டுமே அப்படி எண்ணினர். இங்கே ஒரு வட்டம் இருப்பதைக் கவனியுங்கள். ஒருவர் போனால் அவருடைய நோயாளர் எஞ்சியவரின் தலையில் விழுகிறார்கள். எஞ்சியவரின் எண்ணமும் அதனால் வாசலை நோக்குகிறது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்தாம் என்று வரையறுத்தது. செல்வமுள்ள நாட்டுக்கு அது இயலும் என்று சொல்லலாம். ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணை விடுதி வாசலில் எழுதி வைக்கச் செல்வம் வேண்டியதில்லை.

இனி, வேறொரு துன்பம். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும் செய்ய முடியாமற் போவது அது. அன்ட்ரூ ஜேம்ற்றன் என்ற அமெரிக்க அறவியலாளர் தாதியரைப் பற்றிய தம் நூலில் 1984இல் இதனை அறத் துயரம் என்ற கருத்தில் பெயரிட்டார். நமக்கு அப்பெயர் புதிது; பொருள் புதிதன்று. 2022 மார்ச்சு இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், மருந்துத் தட்டுப்பாட்டினால், திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. கத்தியும் கையும் கல்வியும் இருந்தும், மயக்க மருந்தின் வேகத்தை மீட்கும் ஒரு மருந்து இல்லாமல், நோயாளியிடம் போய் இன்று இல்லை என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அநேகமாக அப்படிச் சொல்ல அனுப்பப்படுபவர் தாதி. ஏச்சைக் கேட்பவரும் அவரே. மருந்தை வெளியில் வாங்கி வரும்படி துண்டு எழுதிக் கொடுக்கும்போது, வாங்க வழியில்லாத முகத்தைப் பார்ப்பவரும் அவரே. சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் இது தீராது.

அல்பேர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதில் உள்ளவர்க்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுதல், அல்லது வாய்திறந்து சொல்லுதல். பற்றுள்ளவர் சொல்லிப் பார்ப்பார். சொல்வதற்கு இடமில்லையெனில் அவரும் போவார். நம் வைத்தியசாலைகளிற் சொல்வதற்குரிய இடம் எது? தொழிற்சங்கம் உண்டு, அது மேடையிலும் வீதியிலும் பேசும். ஆனால் விடுதிக்குள், கடமைப் பட்டியல் எழுதுபவரிடம், என் குழந்தைக்குக் காய்ச்சல், இந்த இரவை மாற்றித் தாருங்கள் என்று கேட்பது பலருக்கு அச்சம். இடமாற்றம் வேண்டி விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் உளர். தெற்கிலிருந்து வடக்குக்கும் கிழக்குக்கும் நியமிக்கப்படும் சிங்களத் தாதி தமிழறியாமல் திண்டாடுகிறார். அவரிடம் நோவைச் சொல்லத் தெரியாமல் நம் மூதாட்டி திண்டாடுகிறார். மலையகத்தில் தோட்டத்துத் தாய்மார் படும் பாடும் இதுவே. மொழி தெரியாத ஊரில் வேலை செய்வது இரட்டை வேலை. நியமனம் கொடுக்குமுன் மூன்று மாதம் நேர்மையாகத் தமிழ் கற்பித்திருந்தால், அந்தப் பெண் முதல் நாளே திரும்பிப் போகும் திகதியை எண்ணத் தொடங்கியிருக்க மாட்டாள். சிற்றூழியரின் நிலை இதனினும் கீழ். மலசலத் தட்டைத் தூக்குபவரை அவருடைய பெயரால் அழைக்கும் விடுதிகள் எத்தனை?

நம்மைப் பற்றியும் ஒரு சொல். பார்வையாளர் நேரம் முடிந்த பின்னும் ஒரு நோயாளியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்கிறோம். வாயிற் காவலருடன் வாதாடுகிறோம். அமைச்சரைத் தெரியும் என்கிறோம். உறவினர் இறந்தால், சில இடங்களில், அங்கு நின்ற தாதியின் மேற் கை ஓங்கவும் துணிகிறோம். கொவிட் காலத்தில் 2020, 2021ஆம் ஆண்டுகளில் இவர்களைத் தெய்வம் என்றோம். அதே காலத்தில், தொற்றைக் கொண்டுவருவர் என்று அஞ்சி அவர்களுக்கு வாடகை அறை கொடுக்கத் தயங்கியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். தெய்வம் என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டு நேரமும் அறையும் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறோம் போலும்.

போகிறவர்களைத் தடுக்கக் கட்டாய ஒப்பந்தங்களை இறுக்கவேண்டும் என்று கூறுவோர் உளர். இலவசக் கல்வியிற் படித்தவர்கள் கடன் தீர்க்க வேண்டாமா என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. நானும் அதே இலவசக் கல்வியில் படித்தவன். ஆயினும் பூட்டி வைத்த ஊழியர் நோயாளியிடம் அன்பாக இருப்பார் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 1983இல் அமெரிக்கத் தாதியர் கழகம் ஒன்று, போனவர் ஏன் போனார் என்று கேட்பதை விட்டு, நிற்பவர் ஏன் நிற்கிறார் என்று ஆராய்ந்தது. தாதியர் பற்றாக்குறைக் காலத்திலும் அவர்களை ஈர்த்து வைத்திருந்த வைத்தியசாலைகளைத் தேடி, 163இல் 41ஐத் தெரிந்தெடுத்தது. அவற்றில் பொதுவாக இருந்தவை மிக எளியவை: தாதியரின் சொல்லைக் கேட்கும் தலைமைத் தாதி, போதுமான ஆட்பலம், விடுதி அலுவலில் அவர்களே முடிவெடுக்கும் உரிமை, வாழ்க்கைக்கு ஒத்துவரும் கடமைப் பட்டியல், மேலே படிக்க வாய்ப்பு. இவற்றுள் இரண்டொன்றுக்குப் பணம் வேண்டும். எஞ்சியவை ஒரு நல்ல மேற்பார்வையாளரால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கக் கூடியவை. பாடசாலையிலும் இதைக் கண்டிருக்கிறேன்; வசதி குறைந்த சில பாடசாலைகளிலிருந்து ஆசிரியர் இடமாற்றம் கேட்பதில்லை.

2022 சூனில் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம். சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடா என்று அது கூறியது. அதன்படி முதலிற் சென்றவர்களின் ஐந்து ஆண்டு 2027இல் நிறைவுறத் தொடங்கும். அவர்களுள் வைத்தியசாலை ஊழியரும் உளர். திரும்புவதா, அங்கேயே தங்கிவிடுவதா என்று அவர்கள் முடிவெடுக்குமுன், இங்குள்ள பழைய தோழியிடம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பார்கள்: “எங்கடை வாட்டு இப்ப எப்பிடி?” அந்தத் தோழி அன்றைய இரவுக் கடமையை முடித்துவிட்டு, காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்வாள்.